கிழவி மேல் விழுந்த பழி

கசகசா வைத்துச் சுருட்டிச் சுட்ட பெய்க்லி கேக்கைச் சூட்டோடு வெட்டக் கூடாது ஐயா, உதிர்ந்துவிடும். எங்கள் செகெட் நகரத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆய்வகத்துக் கிறிஸ்துமஸ் விருந்தில் அதை வெட்டி வைத்தது நான்தான்.

சோங்கோர் தங்கமான பையன். எங்களுக்குத் தலைவனாக வந்தும் என்னை ‘எமோகெ அக்கா’ என்றுதான் கூப்பிடுவான். வால்நட் மட்டும் அவனுக்கு ஆகாது. துளி பட்டாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். பேக்கரியிலோ கசகசா பெய்க்லியையும் வால்நட் பெய்க்லியையும் ஒரே பலகையில் உருட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு வருஷமும் நான் சோதித்துச் சொன்ன பிறகுதான் வாயில் வைப்பான்.

பெரிய வித்தையில்லை. மாவிலுள்ள புரதத்தை நொதி விட்டுத் துண்டு துண்டாக வெட்டுவேன். பெப்டைடு என்பது அந்தத் துண்டுதான். எங்கள் பழைய நிறைமானி இயந்திரம் ஒவ்வொன்றையும் எடைபோடும். வால்நட்டின் துண்டுகளுக்கென்று தனி எடை உண்டு; ஒளிய முடியாது.

இந்த முறை அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

“அக்கா, ஜனவரில புது மெஷின் வருது. உங்க கிழவியக் காயலான் கடைக்குப் பேசியாச்சு. கடைசியா என் பெய்க்லிய அவளே பாத்துடட்டும்.”

“பாக்கட்டும்பா,” என்றேன்.

அவளோடு இருந்த அளவுக்கு நான் என் கணவரோடுகூட இருந்ததில்லை. அவள் பம்பு இருமினால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

திரையில் வால்நட்டின் கோடுகள் ஊசி மாதிரி எழுந்து நின்றன. அத்தனை துல்லியம், அத்தனை அழகு.

“சுத்தமாக்கா?”

“சுத்தம். சாப்பிடு.”

விருந்து நடந்த அறை வெக்கையாக இருந்ததால் அவன் கோட்டை வாங்கிக் கீழ்த்தளத்தில் மாட்டிவிட்டு வந்தேன். அவசர ஊசி அதன் பையில்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். “இந்த வருஷம் சூப்பர்க்கா,” என்று இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டான். ஆம்புலன்ஸ்காரர்கள் பாவம், நன்றாகத்தான் முயன்றார்கள்.

அதன் பிறகு எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள், நீங்கள் உட்பட. நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நேற்று உங்கள் போலீஸ் ஆட்கள், பழைய இயந்திரம் வால்நட்டைத் தவறவிட்டதால்தான் சாவு என்று முடிவு கட்டிவிட்டார்களாம்.

அவள் தவறவிடவில்லை ஐயா. சரியாகச் சொன்னாள், நான்தான் மாற்றிச் சொன்னேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஒரு பாவமும் அறியாதவள் மேல் பழி போடுவதை மட்டும் என் மனசாட்சி ஒத்துக்கொள்ளாது.