முப்பதடி ஈரம்

எங்கள் அட்டகாமாப் பாலைவனப் பக்கத்தில் வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஐயா. தண்ணீர் லாரி வாரத்துக்கு இருமுறைதான் வரும். ஆனாலும் மதியக் காற்று எழுவதற்கு முன்னால், பாத்திரம் கழுவிய நீரையாவது எல்லோரும் வாசலில் ஊற்றிவிடுவார்கள். மண் அடங்கினால்தான் நிம்மதியாகச் சாப்பிடலாம், துணி காயப்போடலாம். நான் செய்ததும் அதேதான். என் வாசலில் செய்யாமல், காற்றில் உள்ள தூசியை அளக்கும் நிலையத்தைச் சுற்றிச் செய்தேன்.

அந்த நிலையத்தைக் கேட்டு வாங்கியது இந்த ஊர்தான். செப்புச் சுரங்கத்தின் கழிவு மேட்டிலிருந்து தூசி வருகிறதென்று நாற்பது நாள் சாலையை மறித்தோம். நானும் உட்கார்ந்தேன். கருவி வந்ததும் என்னை அதற்குப் பொறுப்பாக வைத்தார்கள். அது காட்டும் எண்ணைப் பார்த்துக் கம்பத்தில் கொடி ஏற்றவேண்டும்: எண் குறைவாக இருந்தால் பச்சை, ஏறினால் மஞ்சள், அதற்கும் மேலே போனால் சிவப்பு. சிவப்பு என்றால் பள்ளி கிடையாது, சந்தை கிடையாது, வெளியில் யாரும் கூடக்கூடாது.

ஆறு வருடம் ஒழுங்காக ஏற்றினேன். மேட்டை யாரும் மூடவில்லை. தலைநகருக்கு நூற்றுப்பத்துக் கடிதம் போட்டேன். மூன்றுக்குப் பதில் வந்தது, மூன்றிலும் என் பெயர் தப்பு. ஊர்க்காரர்களோ மேட்டை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ரொட்டிக்காரர் கிளாவ்தியோ சந்தையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"ஏன்யா எவரிஸ்தோ, ஓடிப்போன பொண்டாட்டி விட்டுட்டுப் போன செவப்புப் பாவாடையத்தான் தெனமும் கம்பத்துல ஏத்துறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தூசி பொறுக்காமல்தான் அவள் கடற்கரைக்குப் போனாள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

போன வருடம் மாதா திருவிழாவில் சிவப்பு ஏற்றினேன், நடனம் நின்றது. மறுநாள் என் கதவில், இங்கே வளர்க்கும் லாமா மிருகத்தின் சாணியைப் பூசியிருந்தார்கள். அதைக் கழுவியவள் பள்ளியில் சமைக்கும் எதெல்மிரா. தன் குடிதண்ணீரில் ஒரு வாளி செலவழித்துக் கழுவினாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஐயா. வாக்குமூலத்தில் கோபம் என்று எழுதாதீர்கள். கோபம் ஆறிவிடும், எரிச்சல் ஆறாது.

அப்போதிலிருந்து தெளிக்க ஆரம்பித்தேன். நிலையத்தைச் சுற்றி முப்பதடிக்கு, தினமும் ஒன்றரை மணிக்கு. அது போதாதபோது கருவி காற்றை இழுக்கும் குழாயின் வாயில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டேன். ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதவில்லை. கருவி தனக்குக் கிடைத்த காற்றை அளந்தது, நான் பச்சைக் கொடி ஏற்றினேன். மேட்டிலிருந்து தூசி எப்போதும்போல வந்துகொண்டுதான் இருந்தது. கிளாவ்தியோ எனக்குச் சூடான ரொட்டி கொடுத்தனுப்பினார்.

எதெல்மிராவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. கொடி பச்சையாக இல்லாத நாளில் வெளியே வரக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் பிழைத்ததற்காக மூன்று வருடம் ஆடுவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள், ஒரு வருடம் பாக்கி. இந்த ஞாயிற்றுக்கிழமை இவ்வருடத் திருவிழா. நடன உடையோடு நேரே நிலையத்துக்கு வந்தாள். மூச்சு விசிலடித்தது.

"அண்ணே, மேட்டுப் பக்கம் வானமே மஞ்சளா இருக்கு. எனக்கு நெஞ்சை இறுக்குது. கொடி நெசமாத்தான் சொல்லுதா?"

"என்னை எதுக்குக் கேக்குற? கருவியப் பாரு. முப்பத்தெட்டுதான் காட்டுது."

"அது காட்டுறது எனக்கு என்ன புரியும்? நீங்க சொல்லுங்க, ஆடறேன். இந்த ஊர்ல நான் நம்புறது உங்க ஒருத்தரைத்தான்."

"ஆடு தாயி. பச்சைதான்."

சாக்கு என் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்திருந்தால் எண் ஏறியிருக்கும், கொடி மாறியிருக்கும், மறுபடி என் கதவில் சாணி. இந்த முறை அதைக் கழுவ அவளும் வரமாட்டாள், ஆட விடவில்லையே என்ற வருத்தத்தில் இருப்பாள். அப்படித்தான் நினைத்தேன். அவள் போனதும் சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். காய ஆரம்பித்திருந்தது. மறுபடி நனைத்தேன்.

மூன்றாம் சுற்றில் விழுந்தாள். தூக்கும்போதே மூச்சு இல்லை. எல்லோரும் ஒருசேரத் திரும்பிக் கொடியைப் பார்த்தார்கள். பச்சை. "அவ நேரம் வந்துருச்சு, என்ன பண்றது" என்றார் கிளாவ்தியோ. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த ஆறேழு வருடத்தில் திருவிழாவன்று யாரும் என்னைத் திட்டாதது இதுதான் முதல் முறை.

சாக்கைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். நான் ஒளிக்கவில்லையே. தெரிந்தே அவளைக் கொன்றேன் என்று எழுதச் சொல்கிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொஞ்சம் சீக்கிரம், ஐயா. மணி ஒன்றேகால் ஆகிவிட்டது. நான்கு மணிக்கு அவளை அடக்கம் செய்கிறார்கள். சிவப்பு ஏறினால் யாரும் கூட முடியாது, பாவம், தனியாகப் போவாள். அவளுக்கு நான் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? சாக்கைத் திருப்பிக் கொடுங்கள், நான் போய்த் தண்ணீர் தெளிக்கவேண்டும்.