நடுக்கமில்லாத படம்

ஜூலை பதினொன்று. காலை முதலே வானம் மூடியிருந்தது, மழை பெய்யவில்லை. மேகமூட்டமான நாளின் ஒளி சற்று நீலம் கலந்தது என்பதைப் படம் எடுப்போர் அறிவர். ஆயினும் அது முகத்தில் நிழலின்றிச் சீராகப் பரவும். ஆகையால் இரண்டு கேமராக்களை ஒப்பிட அந்நாளே ஏற்றது என்று முடிவு செய்தேன்.

ஒன்று என்னுடையது, சட்டைப் பைக்குள் அடங்குவது. மற்றொன்றை மருமகன் அனுப்பியிருந்தார். ஒளியைப் பதிவுசெய்யும் அதன் சென்சார் பெரியது.

"மாமா, உங்க கேமரா சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்ல. பாக்கெட்ல வெச்சுக்கலாம், அத்தை முகத்தப் பாக்க முடியாது" என்று தொலைபேசியில் கூறினார். பின்னாலிருந்து மகளும் சிரித்தாள்.

நான் கோபப்படவில்லை. ஒரே முகம், ஒரே ஜன்னல், ஒரே ஒளி. இரண்டிலும் எடுத்து அனுப்பினால், எது எதென்று அவரால் கூற இயலாது என நிரூபிக்க விரும்பினேன்.

என் மனைவிக்குச் சில ஆண்டுகளாகத் தலையிலும் கைகளிலும் நடுக்கம். ஜன்னலோரக் கட்டிலில் அவளைச் சாய்த்து அமர்த்தினேன். சிறிய சென்சார் பெறும் ஒளி குறைவு. படத்தில் புள்ளிகள் தோன்றாதிருக்க ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்க வேண்டும். அதுவரை முகம் அசையக் கூடாது. மருமகனின் கேமராவில் அவள் தெளிவாக இருந்தாள். என்னுடையதில் அவளுக்கு இரண்டு மூக்குகள்.

"என்னங்க, கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை இவ்ளோ நேரம் பாக்கலையே நீங்க."

"கொஞ்சம் ஆடாம இரும்மா."

"நானா ஆடுறேன்? அதுவா ஆடுது. மாப்பிள்ளை கேமராதான் நல்லாருக்குன்னு ஒத்துக்கிட்டா, உங்க கிரீடம் கீழ விழுந்துடுமா?"

உறங்கும்போது அவளுக்கு நடுக்கம் நின்றுவிடும். இரவில் தூக்கத்துக்கான அரை மாத்திரைக்கு மேல் கொடுத்தால் மூச்சு தளரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். நான் முழு மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். உறங்கினாள், தாடை மட்டும் இன்னும் அசைந்தது. எழுப்பி மேலும் கொடுத்தேன்.

"பகல்லயேவாங்க?" என்றாள்.

"படத்துக்குத்தாம்மா" என்றேன். என் கையைப் பற்றிக்கொண்டு முழுவதையும் குடித்தாள்.

பிறகு அவள் அசையவே இல்லை. என் கேமராவில் அவளுடைய இமைமயிர்கள் தனித்தனியே தெரிந்தன. உதடுகள் நீலமாக இருந்தன. மேகத்தின் நீலம் என்று கருதி, கேமராவின் நிற அமைப்பை மஞ்சள் பக்கமாகச் சற்று நகர்த்தி, மீண்டும் எடுத்தேன். ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும் அல்லவா? மருமகனின் கேமராவிலும் அவ்வாறே ஒன்று எடுத்தேன். அதன் பின்னரே மருத்துவரை அழைத்தேன்.

எந்தப் படம் எந்தக் கேமராவினுடையது என்று மருமகனால் கூற இயலவில்லை. மகள் மட்டும் அவற்றை நெடுநேரம் பார்த்திருந்தாள்.

"மேகம்னு சொன்னீங்களேப்பா. வெள்ளத் தலையணை உறையே மஞ்சளாயிடுச்சு. அம்மா உதடு மட்டும் ஏன்ப்பா இன்னும் நீலமா இருக்கு?"

அந்த உறையை நானும் அன்றே பார்த்தேன். பார்த்த பிறகே இரண்டாவது கேமராவைக் கையில் எடுத்தேன். இதையும் என் வாக்குமூலத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆயினும் என் படத்தில் குறை ஏதுமில்லை. அதன் மூலையில் நேரமும் தெளிவாக உள்ளது: மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.