மஞ்சச் சீட்டுப் பன்னி

...அத ஒளிச்சு வச்சது நானு. முட்டி தேய தரையில ஒக்காந்து, மூச்சு வாங்க ஒளிச்சு வச்சது நானு. அத வேற ஒருத்தி வந்து எடுத்துட்டுப் போனா அதுக்குப் பேரு திருட்டு இல்லாம வேற என்ன? ஆனா பாதிரியார்கிட்ட போய்க் கேட்டா, "வெர்னா, காசு குடுக்கற வரைக்கும் அது கடையோடதும்மா"ங்கறாரு. ஞாயித்துக்கிழம தவறாம மேடையேறி பிரசங்கம் பண்றாரே, ஒரு ஞாயம் தெரியுதா மனுஷனுக்கு?

நீ புதுசா? இந்த வரிசையில உன்னப் பாத்ததே இல்லியே. இந்தப் பக்கம் தள்ளி நில்லு கண்ணு, அங்க காத்து ஊசியா குத்தும். ஒம்பது மணிக்குத் தொறப்போம்னு கதவுல எழுதியிருக்காங்க. எழுதினதோட சரி. ஜானின் உள்ள காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் நாம இங்க நின்னு வெறைக்கணும். ஊர்க்காரங்க தானமாக் குடுத்த பழைய சாமான விக்கிற தேவாலயத்துக் கடையாச்சே, சம்பளம் வாங்காம வேல பாக்கறவங்க, சத்தம் போடவும் முடியாது.

என்ன தேடி வந்திருக்க? சும்மா பாக்கவா? ம்... நானும் ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி சும்மா பாக்கத்தான் வந்தேன். இன்னிக்கு எங்க கார் ஷெட்டுல கார் நிறுத்த எடமில்ல. காரு பனியில நிக்குது, உள்ள நாப்பத்திரெண்டு காப்பிக் கெட்டிலு கதகதன்னு இருக்கு. டெல்மர், அதான் எங்க வீட்டுக்காரர், தெனம் காலையில கார் கண்ணாடியச் சொரண்டிக்கிட்டே என்னத் திட்டுவாரு. ஜன்னலச் சாத்திட்டா கேக்காது.

சரி, புதுசுன்னா உனக்குத் தெரிஞ்சிருக்காது. இங்க ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கலர்ச் சீட்டு ஒட்டியிருப்பாங்க. மஞ்ச, நீலம், பச்ச, சிவப்புன்னு. வாராவாரம் திங்கக்கிழம ஒரு கலருக்குப் பாதி வெல. அதுக்குத்தான் இந்தக் கூட்டம். இல்லன்னா ஒஹாயோ குளிர்ல எவளாவது நிப்பாளா? அதனால நல்ல சாமான் கண்ணுல பட்டுச்சுன்னா ஒடனே வாங்கக் கூடாது. அதோட கலர் வர்ற வரைக்கும் கொஞ்சம்... ஒதுக்குப்புறமா வைக்கணும். தப்பா நெனைக்காத, எல்லாரும் செய்யறதுதான். முன்னாடி பச்சத் தொப்பியோட நிக்கிறானே ஆர்வில், அவன் ஒரு பழைய கேமராவ ரொட்டி சுடற மிஷினுக்குள்ள வச்சிட்டு, முடி வெட்டற எடத்துல போயி பெருமையடிச்சிருக்கான். மறுநா வந்து பாத்தா கேமராவக் காணோம். தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. மெல்லப் பேசு, அவனுக்கு ஒரு காதுதான் கேக்கும், அது இந்தப் பக்கந்தான் இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், பன்னி.

போன புதன்கிழம எனக்கு ஒரு பன்னி கெடச்சுது. உசுரோட இல்லம்மா, பீங்கான் பன்னி. பிஸ்கட் போட்டு வைக்கிற ஜாடி. சமையக்காரன் தொப்பி போட்டுக்கிட்டு, வயித்து மேல கைய வச்சுக்கிட்டு, டெல்மர் சாப்பிட்டு எந்திரிக்கிறப்ப ஒரு மொகம் வரும் பாரு, அதே மொகம். தலதான் மூடி. தலையத் தூக்கினா உள்ள பிஸ்கட்டு. கவுத்துப் பாத்தேன், அடியில முத்திர இருக்கு, நம்ம ஊர்லயே இருந்து எப்பவோ மூடிப்போன பீங்கான் ஃபேக்டரி. வெரலால தடவித் தடவிப் பாத்தேன், ஒரு கீறல் இல்ல. காதுகூட ரெண்டும் இருக்கு. பன்னி ஜாடின்னா மொதல்ல போறது காதுதான். வெல ஏழு டாலர். மஞ்சச் சீட்டு. மஞ்ச இந்தத் திங்கக்கிழம, அதாவது இன்னிக்கு. நீயே சொல்லு, அஞ்சு நாள் பொறுத்தா மூணரைக்குக் கெடைக்கிறத, ஏழு குடுத்து வாங்குவாளா புத்தியுள்ளவ?

ஒளிச்சேன். ஆர்வில் மாதிரி இல்ல. அங்கதான் வெர்னாவோட மூள. முழுசா ஒளிச்சா முழுசாப் போயிடும். அதனால தலைய ஒரு எடத்துல வச்சேன், ஒடம்ப ஒரு எடத்துல வச்சேன். தலையில்லாத பன்னிய எவ வாங்குவா? எங்கன்னு கேக்காத. சொல்ல மாட்டேன்.

ஒளிக்கறதுக்கு முன்னாடி, கடை சோபா மேலயே வச்சு எட்டு போட்டோ புடிச்சேன். சாயங்காலமே இன்டர்நெட்டு ஏலத்துல போட்டுட்டேன், மூணு நாள் ஏலம். ஏன் அப்படிப் பாக்குற? கையில இல்லாத சாமான ஏலத்துல போடலாமான்னா? போடக் கூடாதுதான். ஆனா அது எங்க ஓடப் போகுது? எங்க வீட்டு அலமாரியில இருந்தா என்ன, கடை அலமாரியில இருந்தா என்ன? சொல்லப்போனா வீட்டவிட இங்கதான் பத்திரம். வீட்டுல டெல்மர் இருக்காரு.

ரெண்டு நாள் ஒரு ஈ காக்கா வரல. சனிக்கிழம சாயங்காலம் ரெண்டு பேருக்கு வந்துச்சு பாரு வெறி. அவ ஏத்த, இவரு ஏத்த, நான் அடுப்புல சூப்பு பொங்கறதக்கூட பாக்கல, அம்பத்தெட்டு டாலர்ல வந்து நின்னுச்சு. எடுத்தவரு நெப்ராஸ்காவுல ஒருத்தர், ஹ்ருஸ்கான்னு பேரு. அடுத்த நிமிஷம் பணத்தக் கட்டிட்டு எனக்கு எழுதறாரு, "அம்மா, இதே பன்னி எங்க வீட்டுல முப்பது வருஷமா இருந்துச்சு. போன வாரம் பிஸ்கட்டு எடுக்கறப்ப ஒடச்சுட்டேன். எனக்குச் சர்க்கர இருக்கறதால பிஸ்கட்டத் தொட மாட்டேன்னு பொஞ்சாதிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். அவ தன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கா, வெள்ளிக்கிழம வர்றா. அதுக்குள்ள பன்னி வரலன்னா நான் செத்தேன்"னு. பாவம், நெனச்சுப் பாரு. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் தபால்ல போட்டாத்தான் வெள்ளிக்கிழமைக்குப் போய்ச் சேரும்.

சனிக்கிழம ராத்திரியே டெல்மர் சொன்னாரு, காலையில போயி ஏழு டாலரக் குடுத்து எடுத்துட்டு வந்துருன்னு. ஞாயித்துக்கிழம கடை கெடையாதுன்னேன். இல்ல, பூச முடிஞ்சதும் ஜானின்கிட்ட கேட்டா தொறந்து குடுப்பா... அது கெடக்கட்டும். அவரு பேச்ச எவ கேப்பா?

என்ன, போன எடுத்துட்ட? தேடிப் பாக்குறியா? பாரு பாரு, நல்லாப் பாரு. அதேதான், அந்தப் பன்னிதான். சோபா தெரியுதா, அதுவும் இங்கதான் கெடக்கு. கீழ தள்ளு, என் பேருக்குப் பக்கத்துல நம்பர் இருக்கும். ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு பேரு. அத்தன பேரும் எனக்கு நல்லது எழுதியிருக்காங்க. ஒம்பது வருஷத்துல ஒருத்தர்கூட ஒரு கெட்ட வார்த்த எழுதினதில்ல. ஒரே ஒருத்தி, ஜார்ஜியாவுல, மேசத் துணியில சிகரெட்டு வாட வருதுன்னா. பணத்தத் திருப்பி அனுப்பி, கூடவே ஒரு பாட்டில் பீச்சுப் பழ ஜாமும் அனுப்பினேன். அவளும் நல்லதுதான் எழுதினா. இந்த வரியப் படி. "அருமையான பொம்பள, சொன்ன சொல்லு தவறாதவ." மொகம் தெரியாதவ எழுதறா. டெல்மர் நாப்பத்தோரு வருஷத்துல எனக்கு ஒரு வரி எழுதியிருப்பாரா? போன கிறிஸ்மசுக்கு ஒரு வாழ்த்து அட்ட குடுத்தாரு, உள்ள அவரு பேர மட்டும் எழுதியிருந்தாரு. யாருக்குன்னுகூட இல்ல.

வெளையாட்டா சொல்றேன்னு நெனைக்காத. மனசு சரியில்லாதன்னிக்கு நான் அதத்தான் எடுத்துப் படிப்பேன். அந்த ஹ்ருஸ்கா "ஏமாத்திட்டா"ன்னு ஒரு வரி எழுதிட்டாருன்னு வையி, அது எப்பவும் மேலயே நிக்கும். எனக்குச் சோறு எறங்காது.

அதனாலதான் ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. யாராவது எடுத்திருப்பாங்களோன்னு ஒரே நெனப்பு. ஆனா எப்படி எடுப்பாங்க? பவுலிங் பந்து வைக்கிற பைய எவ வாங்குவா? அதுவும் கீழ் வரிசையில, செகப்புப் பைக்குள்ள, ஜிப்பு போட்டு, மேல நாலு பைய அடுக்கி... இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு...

ஐயோ. சொல்லிட்டேனா?

பரவால்ல, நீ அப்படிப்பட்டவ இல்ல. மொகத்தப் பாத்தாலே தெரியுது. சின்னப் பொண்ணு, சும்மா பாக்க வந்திருக்க. தல எங்கன்னு மட்டும் அடிச்சுக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

தொறந்துட்டா, தொறந்துட்டா. வா, என் பின்னாடியே வா. ஆர்வில், இடிக்காதய்யா. எனக்கு ஓட முடியாது கண்ணு, மெல்லத்தான் வருவேன். மொதல்ல தல, அதுதான் பக்கத்துல. இப்பச் சொன்னா என்ன, பாரு, கால ஊற வைக்கிற மிஷினு. எந்தக் கடைக்குப் போனாலும் இது நாலு கெடக்கும், எவளும் தொட மாட்டா. மூடியத் தொறந்தா... இருக்கு. என் ராஜா, என் தங்கம். காது ரெண்டும் இருக்கு. பாத்தியா கண்ணு, இந்தத் தொப்பியில மடிப்பு மடிப்பா எவ்வளவு அழகா... கண்ணு?

எங்க போன? துணி அந்தப் பக்கம்மா. நீ ஏன் அங்க குனிஞ்சு... ஏம்மா, அது பவுலிங்... ஏய்.

நில்லு, வர்றேன். முட்டி... நில்லுன்னா. கீழ வை. அந்தப் பன்னிய மெல்ல கீழ வை. என்ன சிரிப்பு? வெளிய நின்னப்ப வாயே தொறக்கல, இப்பப் பல்லு முப்பத்திரெண்டும் தெரியுது. ஊமக்கோட்டான்னு உனக்குத்தான் பேரு வைக்கணும். நான் உன்னக் காத்துல நிக்காதன்னு சொன்னவ, ஞாபகம் இருக்கா?

சரி. அது இருக்கட்டும் உன்கிட்ட. தல என்கிட்ட இருக்கு. தலையில்லாத பன்னிய வச்சு என்ன பண்ணப் போற? ...பூச்செடி வைப்பியா? கழுத்துலருந்து செடி மொளைக்குமா? ஆமா... நல்லாத்தான் இருக்கும். ஒடம்பில்லாத தலைய வச்சு நான் என்ன பண்றது? ஹ்ருஸ்காவுக்கு மூடிய மட்டும் அனுப்பறதா?

என்ன வேணும் உனக்கு? பத்து டாலர் தர்றேன். இருவது. காசு வேண்டாமா? பின்ன? ...வேற என்னென்ன ஒளிச்சிருக்கேன்னா கேக்குற?

ஒண்ணுமில்ல. சத்தியமா... தேவாலயத்துக் கடையில சத்தியம் பண்ண வைக்காத. ரெண்டு இருக்கு. திரச்சீலைக்குப் பின்னாடி பித்தள விளக்கு, தொட்டில் மெத்தைக்கு அடியில கம்பளிப் போர்வ. அவ்வளவுதான். ஏன் செடிக்கடைக்கு போன் போடற மாதிரி பாவன பண்ற? சரி, நாலு. பழைய சூட்கேசுக்குள்ள வெள்ளி ஸ்பூனு, பியானோவுக்கு அடியில வாணலி. எழுதிக்கிறியா? எழுது எழுது. கிறிஸ்மஸ் மரப் பெட்டிக்குள்ள கடிகாரம். அந்தக் கல்யாண கவுனுக்குள்ள... வேண்டாம்மா, அதக் கேக்காத, அது எனக்கு ரொம்ப... சரி, குடை. ஆன கைப்புடி போட்ட குடை. ஆறு. எல்லாம் மஞ்ச. ஏழாவது கெடையாது, என் வாயத் தொறந்துகூடப் பாத்துக்க.

குடு. இப்படிக் குடு. ...உக்காந்துருச்சு பாரு, தல மேல டக்குன்னு. ஹ்ருஸ்கா பொழச்சாரு. நானும் பொழச்சேன்.

என்ன கையக் காட்டற? பலகையா? என்னத்த எழுதியிருக்கு... வெளிய நின்னதுல மூக்குக் கண்ணாடியெல்லாம் பனி படிஞ்சு... நீலமா? இன்னிக்கு நீலமா? மஞ்சதான இன்னிக்கு? ஜானின்... ஓ. போன திங்கக்கிழம பனியில கடையே தொறக்கலியா. அதனால எல்லாக் கலரும் ஒரு வாரம் தள்ளிப் போச்சா.

அப்ப பன்னி ஏழு டாலர்தான். புதன்கிழம எவ்வளவோ அவ்வளவு. அன்னிக்கே குடுத்துட்டுப் போயிருந்தா ரெண்டு நாள் தூங்கியிருப்பேன், ஆறு சாமானும் உனக்குத் தெரிஞ்சிருக்காது. வேற எவளக் கொற சொல்றது? நான்தான். இந்தா ஜானின், ஏழு. எண்ணிக்க. ஒம்பது வருஷத்துல வெர்னா முழு வெல குடுத்து வாங்கற மொத சாமான் இது. டெல்மர்கிட்ட மட்டும் சொல்லிராத, கண்ணாடி சொரண்டறப்ப ஊருக்கே கேக்கச் சிரிப்பாரு.

நீ எங்கம்மா கெளம்பிட்ட? அந்த ஆறு? முழு வெலைக்கு வேண்டாமா? ஆமா, அடுத்த திங்கக்கிழம பாதிக்கு எடுத்துக்கலாம்னுதான... ஒரே நாள்ல கத்துக்கிட்ட. அதுக்குள்ள நான் எல்லாத்தையும் எடம் மாத்திருவேன், பாத்துக்க. மாத்துவேன். முட்டி சரியானதும்.

ஏம்மா, நில்லு. அடுத்த வாரம் எத்தன மணிக்கு வருவ? ஏழுக்கா? நான் ஆறுக்கே நிப்பேன்... ஏய், போறப்ப கேட்டுட்டுப் போ. மடக்கு நாற்காலி இருந்தா ரெண்டு கொண்டா. ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே பேச என்னால ஆகாது.