மண் படாத தோள்

உக்கார மாட்டேன், தோண்டிராம். அந்த முக்காலியை நீயே வச்சுக்கோ. உன் கோதாவுக்குள்ள நான் கால் வச்சதே அதிகம். செருப்பை வெளியில விட்டதுகூட உனக்காக இல்லை, மூலையில நிக்கிற அனுமாருக்காக.

என்ன அப்படிப் பார்க்குறே? சர்ஜேராவ்தான். முச்சந்தியில எருமையைக் கட்டி, நின்ன இடத்துல பால் கறந்து விக்கிற அதே சர்ஜேராவ். தெரியாதவன் மாதிரி நடிக்காதே. போன வாரம்கூட என்னைப் பார்த்ததும் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போனே. சரி, நானும்தான் தாண்டினேன். ரெண்டு பேரும் தாண்டினதுல மறுபடியும் எதிரெதிரே வந்து நின்னோம். கோலாப்பூர்ல தெரு அவ்வளவு குறுகல், என்ன பண்றது.

நீ பேச வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல என்கிட்ட பேசாத வாயி, அதைக் கெடுத்துக்காதே. நீ பாட்டுக்கு மண்ணைக் கொத்து, நான் பாட்டுக்குச் சொல்லிட்டுப் போறேன். மண்ணுல மோர் ஊத்திட்டியா? எண்ணெய்? மஞ்சள் கம்மியா இருக்கு. சொன்னா உனக்குக் கோவம் வரும், ஆனா கம்மிதான்.

என் பையன் விஷயமா வந்தேன்.

சம்புராஜைப் பார்த்திருப்பே. பார்க்காம இருக்க முடியாது, தெருவுல பாதி அவன்தான். சிரிக்காதே. நான் சொல்லலாம், நீ சிரிக்கக் கூடாது. பெத்தவன் நான்.

எனக்கு ஐம்பது வயசுல பிறந்தவன் அவன். இந்த ஜில்லாவுல இருக்கிற அத்தனை மலைக்கோயில் படியும் ஏறி இறங்கி, நான் முழங்காலைத் தொலைச்ச பிறகு என் பொண்டாட்டி மங்கல் பெத்துக் கொடுத்தா. பிறந்தப்ப எலிக்குஞ்சு மாதிரி இருந்தான். அன்னிக்கே நெனச்சேன், இவனை மல்லனாக்கி உன் சிஷ்யப் பசங்க ஒவ்வொருத்தனையும் புரட்டிப் போட வைக்கணும்னு. ஆமா, உன் மேல இருந்த வயித்தெரிச்சல்லதான். பின்னே எதுக்கு ஒருத்தன் அந்த வயசுல பிள்ளை பெத்துக்குவான்?

எருமை மடிக்குக் கீழேயே கிளாஸைப் பிடிச்சு, நுரை அடங்குறதுக்குள்ள குடிக்கக் கொடுத்தேன். காலையில, சாயங்காலம். இடிச்ச பாதாம், நெய், முட்டை. ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி, எலும்பு போட்ட சிவப்பு ரஸ்ஸா குழம்பு. குஸ்தி சொல்லிக் கொடுத்த உன் வஸ்தாதும் என் வஸ்தாதும் நமக்குப் போட்ட அதே சாப்பாடுதானே. தின்னு நாம என்ன கெட்டா போயிட்டோம்?

நீ சொல்ல வர்றது தெரியுது. நாம விடியறதுக்குள்ள உடம்பு தண்ணியா ஊத்துற வரைக்கும் தண்டால் எடுத்தோம். அவன் எடுக்கலை.

எங்கே போய் எடுப்பான்? இந்தப் பேட்டையில இருக்கிறது ஒரே கோதா. அதுல நீ நிக்கிறே. என் மகனை உன் வாசல்ல விட்டுருவேனா? நாளைக்கு வேற இடம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்னு தள்ளிப் போட்டேன். சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடலை.

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. என் தொழுவத்துல தோண்டின்னு ஒரு எருமை இருக்கு. ஆமா, உன் பேருதான். கறக்க உக்காந்தா உதைக்கும், அதனால வச்சேன். என் கெட்ட நேரம், இருக்கிறதுலயே நிறையக் கறக்கிறது அதுதான். பையன் குடிச்சு வளர்ந்ததெல்லாம் அந்தப் பாலு. ஒரு வகையில பார்த்தா, அவன் இப்படி ஆனதுல உனக்கும் பங்கு இருக்கு.

பழி எல்லாம் எனக்கு மட்டும் இல்லைப்பா. நான் தொழுவத்துல இருக்கிற நேரம் பார்த்து மங்கல் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சுக் கொடுத்துடுவா. கூடவே கலர் சோடா, தெருமுனை வடாபாவ். ஏண்டின்னு கேட்டா, குழந்தை முகம் வாடுதுங்கறா. நான் பாக்கெட்டைச் சொல்லித் திட்டுவேன், அவ நெய்யைச் சொல்லித் திட்டுவா. எங்க சண்டை முடியறதுக்குள்ள அவன் ரெண்டையும் முடிச்சிடுவான்.

எப்போ உறைச்சுதுன்னா, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது. மங்கல் ஊர்ல இல்லாத அன்னிக்கு, ஷூ கயிறு கட்டணும். அவன் குனிஞ்சான், கை எட்டலை. நான் கட்டலாம்னு குனிஞ்சேன். அப்பனுக்கு முழங்கால் மடங்கலை, மகனுக்கு வயிறு மடங்கலை. ரெண்டு பேரும் அந்த ஷூவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம். கடைசியில செருப்போட போயிட்டான். வாத்தியார் வெளியில நிக்க வச்சாராம்.

அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. பையன் என்னென்ன சாப்பிடுவான்னு கேட்டா. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுச் சொன்னேன். எழுதிக்கிட்டே வந்தவ, பாதாமுக்கு வந்ததும் பேனாவைக் கீழே வச்சிட்டா. ஓடுவானா, விளையாடுவானான்னு கேட்டா. அது இன்னும் ஆரம்பிக்கலைம்மா, சாப்பாடுதான் ஆரம்பிச்சிருக்குன்னேன்.

நீ சிரிக்கிறே. அவ சிரிக்கலை.

கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்காம். குடிகாரனுக்கு வர்றதுன்னு நாம நெனச்சுக்கிட்டிருக்கோம், பால் குடிக்கிற பையனுக்கு வந்திருக்கு. சர்க்கரை இப்பவோ அப்பவோன்னு நிக்குதாம். பரம்பரையான்னு கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் வீட்டுல என்ன போடுறீங்க, அவனை எப்படி வச்சிருக்கீங்க, அதுதான் காரணம்னா. இப்படியே விட்டா உங்க வயசு வரைக்கும் வர்றது கஷ்டம்னா. மெதுவாத்தான் சொன்னா. ஆனா அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தான்.

வெளியில வந்ததும் கேட்டான், பாபா, உன் வயசுன்னா எவ்வளவு?

எனக்கே சரியாத் தெரியாதுடான்னுட்டேன்.

மண்ணு போதும், கொத்தினது. கேளு.

மங்கல் பாக்கெட்டை எல்லாம் தூக்கி எறிஞ்சிட்டா. நானும் பாதாம் உரலைப் பரண்ல போட்டுட்டேன். சோள ரொட்டி, கீரை, பருப்பு. எருமைக்காரன் வீட்டுல கடையில வாங்கின கொழுப்பு நீக்கின பாக்கெட் பால் காயுது, வெளியில சொல்லிடாதே. பையன் ஒரு வார்த்தை முணுமுணுக்காம தின்னுறான். ஆனா உடம்பு அசையணுமே. கொல்லையில நானே தண்டால் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். நாலு எடுத்துட்டு மூச்சு வாங்கினா என் கை தானா அவனைத் தூக்கி விடுது. போதும்டா ராஜான்னு என் வாயே சொல்லுது. பெத்தவன் கை வஸ்தாது கை ஆகாது.

ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோதாவுக்கும் கூட்டிட்டுப் போனேன். அங்க இருக்கிறவன் இவனைச் சுத்தி ஒரு தடவை வந்தான். பாதியாக்கிக் கொண்டா, அப்புறம் பார்க்கலாம்னான். பையன் காதுபடவே சொன்னான்.

நீ அப்படிச் சொல்ல மாட்டே. கறிக்கடை யூனுஸ் மகன் வந்தப்ப எப்படி இருந்தான்? பூசணிக்கு நிஜார் மாட்டின மாதிரி. நீ அவன்கிட்ட ஒண்ணும் பேசாம கயித்தைக் கையில கொடுத்து, தொங்குடான்னு மட்டும் சொன்னியாமே. யூனுஸ் சொன்னான். புகழலை. நடந்ததைச் சொல்றேன்.

சேர்த்துக்கோன்னு கேட்க வந்தேனா? அவ்வளவுதான்னா மங்கலே வந்திருப்பா. நீயும் சேர்த்துக்குவே, எனக்குத் தெரியும். நீ திருடன், ஆனா பசங்க விஷயத்துல கெட்டவன் இல்லை.

அவன் வர மாட்டேங்கறான். அதான் சிக்கல்.

மத்த பிள்ளைங்களுக்குத் தூங்க வைக்க ராஜா கதை சொல்வாங்க. நான் உன் கதையைச் சொன்னேன். சித்திரைத் திருவிழா, கூட்டம், நடுவரா நின்ன உன் தாய்மாமன். ரெண்டு தோளும் மண்ணுல பட்டாத்தானே தோல்வி? என் வலது தோளுக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு விரல் நுழையுற இடைவெளி இருந்தது, அதுக்குள்ள அந்தக் கிழவன் உன் கையைத் தூக்கிட்டான். பரிசா கொடுத்த வெள்ளிக் கதாயுதத்தை நீ தோள்ல வச்சுக்கிட்டுப் போனே. விழுந்தும் மீசையில மண் ஒட்டலைங்கிறான் சர்ஜேராவ்னு ஊரே சிரிச்சுது. மல்லாக்க விழுந்தவன் மீசையில எப்படிடா மண் ஒட்டும்? சரி விடு. இந்தக் கதையைத் தொட்டில்லயிருந்து கேட்டு வளர்ந்தவன் அவன். நான் ஒரு வார்த்தை விட்டாக்கூட எடுத்துக் கொடுப்பான்.

நேத்து உன் பேரைச் சொன்னேன். பாபாவை ஏமாத்தினவன் கோதாவுல நான் கால் வைக்க மாட்டேன், செத்தாலும் பரவாயில்லைன்னான்.

முதல்ல எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. என் பிள்ளைன்னு மீசையைத் தடவிக்கிட்டேன். அவன் கடைசியா என்ன சொன்னாங்கிறது அப்புறம்தான் காதுல விழுந்துச்சு.

நீ நல்லவன்னு சொல்லிப் பார்த்தேன். நாக்கு சரியாப் புரளலை. அவனும் நம்பலை.

அதான் கூட்டிட்டே வந்திருக்கேன். வாசல்ல வேப்பமரத்தடியில நிக்கிறான் பாரு. உள்ளே வர மாட்டான், ஆனா அங்கேயிருந்து கோதா நல்லாத் தெரியும். நானே அங்க நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேன்.

சட்டையை எதுக்குக் கழட்டுறேன்னா கேட்குறே? லங்கோடு கட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன். நீயும் கட்டியிருக்கே. நடுவர் வேண்டாம், உன் மாமனும் போய்ச் சேர்ந்துட்டான். இடது முழங்காலை மட்டும் தொடாதே, மத்ததெல்லாம் பழையபடிதான். நான் சும்மா விழ மாட்டேன், வேணும்னே விழுந்தா அவன் கண்டுபிடிச்சிடுவான். நீயும் இரக்கப்பட்டுப் பிடிக்காதே. நல்லாத் தூக்கிப் போடு, ரெண்டு தோளும் பதியற மாதிரி. அவன் பார்க்கணும். அப்புறம் நானே எழுந்து உன் கையைத் தூக்கிப் பிடிக்கிறேன், அதைப் பார்த்தாத்தான் அவன் உள்ளே வருவான்.

அன்னிக்கு என் தோள் மண்ணுல படலை, தோண்டிராம். அதை நான் சாகுற வரைக்கும் சொல்லுவேன், ஆனா இனிமே உன்கிட்ட மட்டும்.

வா. ஒரு பிடி மண்ணை எடுத்து என் தோள்ல தூவு. மஞ்சள் கம்மிதான், பரவாயில்லை.