ஏழுக்கு மேல் யாருமில்லை

எனக்குப் பேரம் பேச வராது. காய்கறிக் கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் திட்டு வாங்குகிறவன். விசாரணைக் குழுவினராகிய நீங்கள் என்னைப் பற்றி வேறு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பல் மருத்துவமனையின் வலி ஆய்வில் நான் பதிவு எழுத்தர். கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்குப் புது மாத்திரை ஒன்றைக் கொடுப்பார்கள். மரத்த வாய் தெளிந்ததும் நான் போய், வலி எத்தனை என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்டு எழுத வேண்டும். ஏழு வரை என்றால் கட்டத்தில் எண்ணை எழுதினால் போதும். எட்டைத் தொட்டால் பெரிய டாக்டரைக் கூப்பிட்டு, வலி ஊசி போட வைத்து, மூன்று பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். அதற்கு ஐம்பது நிமிடம் பிடிக்கும். சந்தேகத்தில், ஆய்வு தொடங்குமுன் மூன்று முறை ஒத்திகை நடத்தி அளந்து பார்த்தேன். என் புள்ளியியல் மாலை வகுப்பு ஆறு மணிக்கு.

முதல் நோயாளி ஒரு லாரி டிரைவர். பத்து என்றார்.

"பத்தாண்ணே? இப்பத்தான் ஒரு டீச்சரம்மா நாலுன்னு சொல்லிட்டுப் போறாங்க."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "நாலா? சரி, நமக்கு ஒரு அஞ்சு போடு."

பிறகு நாட்குறிப்பைப் புரட்டினேன். அவர்தான் முதல் ஆள் என்றால், டீச்சரம்மா விஷயத்தில் நான் தவறியிருக்கக்கூடும்.

ஒன்பது என்ற கல்யாண ஃபோட்டோகிராஃபரிடம், எட்டு வயதுப் பெண் குழந்தை மூன்று சொன்னதாகச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறுக்கு இறங்கினார். யாரும் சொல்லாத எண்ணை நான் எழுதியதே இல்லை. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர். ஒரு எட்டுகூட இல்லை. பெரிய டாக்டர் என் முதுகில் தட்டி, "இந்த மாத்திரை உலகத்தையே மாத்தப் போகுதுப்பா," என்றார். மாத்திரையில் ஏதோ இருக்கிறது என்று எனக்கும் தோன்றத் தொடங்கியது. வலி ஊசி இனி வாங்க வேண்டாம் என்று குறிப்பு அனுப்பினார். அலமாரியில் ஒன்றே ஒன்று மிச்சம்.

இருநூறாவது ஆள் என் பெரியம்மா. என்னை வளர்த்தவர். அன்று எனக்கு ஆறு மணிக்குத் தேர்வு. அப்போது மணி ஐந்து இருபது.

"உயிர் போகுதுடா," என்றார், பஞ்சைக் கடித்தபடி. "பத்துக்கு மேல உங்ககிட்ட எதுவும் கிடையாதா?"

"இதுவரைக்கும் யாருமே ஏழைத் தாண்டல பெரியம்மா. நீங்க ஒருத்தர் தாண்டினா மத்த எல்லாத்தையும் தோண்டிப் பாப்பாங்க."

"பாத்தா?"

"என் வேலை போயிடும்."

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப ஏழுன்னு எழுதித் தொலை."

"ஏழும் கொஞ்சம் ஓரமா நிக்குது பெரியம்மா. யாராவது சந்தேகப்படுவாங்க."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. ஊசி நான்கடி தூரத்து அலமாரியில் இருந்தது. சாவி என் பையில்.

இருநூறு பேரில் ஒருவருக்கும் அந்த ஊசி போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டது நான்தான். மறைக்கவில்லை. மாத்திரை எதையும் குறைத்ததாக இப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எண்கள் என்னுடையவை அல்ல. பெரியம்மாவின் எண்ணும் அவர் தன் கையால் காட்டியதுதான். வலக்கையை விரித்து நீட்டினார். ஐந்து என்று எழுதினேன். இடக்கை என் சட்டைக் காலரைப் பிடித்துக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டிருந்தது. அந்த விரல்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று படிவத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை.