ஊதக் கூடாத மைக்

மைக்கைக் கண்டால் ஊதிப் பார்க்காத ஆள் நம் ஊரில் கிடையாது சார். சபைக் கன்வென்ஷன் மேடையானாலும் கல்யாண மண்டபமானாலும் முதலில் இரண்டு ஊதல், பிறகுதான் ஸ்தோத்திரம். ரிப்பன் மைக்கில் அந்த வேலை ஆகாது. உள்ளே இருப்பது தாளைவிட மெல்லிய அலுமினிய நாடா. வேகமாக ஊதினால் பிய்ந்துவிடும்.

ஈஸ்டர் முடிந்த கையோடு அது மார்த்தாண்டத்தில் என் ஸ்டுடியோவுக்கு வந்தது. அன்றே பாடும் அறையில் மின்விசிறியைக் கழற்றினேன், ஏசியை அடைத்தேன். கதவைத் திறந்தாலும் காற்று அடிக்கும் என்பதால், பாடுகிறவர் முதலில் மைக்குக்குத் துணி உறை போட வேண்டும், பிறகுதான் நான் திறப்பேன். இது கிறுக்கு இல்லை. அந்தப் பொருளைப் புழங்கும் முறை அது.

அதில் முதலில் பாடியவள் என் தங்கை ஜெஸ்பின். சிறு வயது முதல் அவளுக்கு இழுப்பு உண்டு. மழைக்காலத்தில் படுக்கவே முடியாது. நெஞ்சில் சாய்த்துவைத்து விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். அவளை ஞானதாசனாகிய என் அளவுக்கு நேசித்தவர் யாரும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஹேலரை உள்ளே கொண்டுபோக வேண்டாம் என்றது நான்தான். அது பீய்ச்சும் காற்றை மைக் தாங்காது.

“எனக்கு மூச்சு முட்டினா என்ன செய்ய அண்ணா?” என்று சிரித்தாள்.

“கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருக்கேன்லா மக்களே.”

சின்ன வயதிலிருந்தே அவளை மக்களே என்றுதான் கூப்பிடுவேன். இன்ஹேலரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இறந்துபோன எங்கள் அம்மாவுக்காக அவளே எழுதிய பாட்டு அது. மூன்று நாள் நன்றாகப் பாடினாள். நன்றாக, அவ்வளவுதான். நான்காம் நாள் மூச்சு இறுகத் தொடங்கியபோது குரலில் ஒரு விரிசல் விழுந்தது. மைக் அதை அப்படியே வாங்கியது. ஹெட்போனில் அதைக் கேட்டு நான் அழுதேன் சார். கதவைத் திறந்து இன்ஹேலரைக் கொடுத்தேன். குரல் பழையபடி ஆகிவிட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது.

மறுநாள் மதியம், கடைசிச் சரணத்துக்கு முன் கையைக் காட்டினாள். “அண்ணா, முடியல்ல. கதவத் தொற.”

“ஒரு சரணம்தான். பாடிரு மக்களே.”

பாடினாள். நான் சொல்லி அவள் எதையும் தட்டியதில்லை. அப்படி ஒரு குரலை இனி நான் கேட்கப் போவதில்லை.

கதவு சிக்கிக்கொண்டது என்று நேற்று சொன்னேன். சிக்கவில்லை. வெளியே நான் கொண்டி போட்டிருந்தேன். பாடி முடித்ததும் அவள் கதவைத் தட்டியது பதிவில் இருக்கிறது, பதினோரு தடவை. அதற்குப் பிறகு என் குரலும் இருக்கிறது. “மைக்குக்கு உறையப் போடு மக்களே. பெறவு தொறக்கேன்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். உறையைப் போட்டாள். அதன் கயிற்றையும் இழுத்து முடிச்சுப் போட்டாள். அங்கேயே விழுந்தாள். நான் சொன்ன சொல் மாறவில்லை, உடனே திறந்தேன்.

அவள் இல்லாத வீட்டில் எந்த அறையில் இருப்பது என்று தெரியவில்லை சார்.

மைக்கில் ஒரு கீறல் இல்லை. சாட்சிப் பொருளாக எடுத்துப் போகும்போது நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்தால் உள்ளே நாடா தொய்ந்துவிடும். கவனமாக இருங்கள். அதற்கு ஏதாவது ஆனால் என் தங்கை மனசு தாங்காது.