பட்டன் கடைக்காரர் கேட்ட கேள்விகள்

— “ரோல்பேக் பண்ண முடியலைன்னா என்ன செய்வாங்க?” நம்ம வீட்டு டேப்லெட்ல ஏஐகிட்ட இதை யாருங்க கேட்டது?

— நான்தான்.

— பட்டன் கடைக்காரருக்கு ரோல்பேக் எதுக்கு?

— என் பொண்டாட்டி நீ, நாலு நாளா கதவைச் சாத்திக்கிட்டு மீட்டிங்ல பேசறே. கதவு மெலிசு. சத்தம் வெளியே வருது, அர்த்தம் வரலை.

— ஒட்டுக் கேட்டீங்களா?

— ஆமா. காதுல விழுந்ததையெல்லாம் பட்டன் அட்டைக்குப் பின்னால எழுதி வச்சுக்கிட்டு அதுகிட்ட விசாரிச்சேன். நல்ல பொறுமைசாலி. ஏழு தடவை கேட்டாலும் “இப்பதானே சொன்னேன்”ங்காது.

— அது எனக்கா?

— வாங்கறதும் வாங்காததும் உன் இஷ்டம்.

— சரி, என்ன புரிஞ்சுது?

— ரோல்பேக்னா, வித்த சரக்கைத் திருப்பி வாங்கிப் பழையபடி அடுக்கி வைக்கிற மாதிரியாம். “விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது”ன்னு போர்டு மாட்டினவனுக்கு இது எப்படி ஏறும்? முழுசா ஒரு நாள் ஆச்சு.

— அப்புறம்?

— உங்க கம்பெனி ஒரு ஆஸ்பத்திரிக்கு நடத்தற சாஃப்ட்வேர்ல, வெள்ளிக்கிழமை யாரோ சோதிச்சுப் பாக்காம ஒரு மாத்தத்தை ஏத்திட்டாங்க. அந்த ஆஸ்பத்திரியோட முன்பதிவு மொத்தமும் அழிஞ்சுபோச்சு. நோயாளிங்க வாசல்ல வந்து நின்னாங்க. ஏத்தினது புதுசா சேர்ந்த பொண்ணோட லாகின்ல. அதனால இன்னிக்கு மூணு மணி மீட்டிங்ல அவளை வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. சரியா?

— எங்க மேனேஜர்கூட இவ்வளவு தெளிவா சொல்ல மாட்டார்.

— ஒண்ணு மட்டும் புரியலை. அவ வாயே திறக்க மாட்டேங்கறா, சரி. சின்னப் பொண்ணு, பயம். நீ ஏன் அவளுக்காக ஒரு வார்த்தை பேசலை?

— அதையும் உங்க பொறுமைசாலிகிட்ட கேக்கறதுதானே?

— கேட்டேன். “உங்க மனைவி மனசுல இருக்கறது எனக்குத் தெரியாது, அவங்ககிட்டயே கேளுங்க”ன்னுடுச்சு. அதான் சாப்பாட்டு நேரத்துக்குக் கடையைப் பூட்டிட்டு வந்து நிக்கறேன்.

— எனக்கு இது பதினாலு வருஷ வேலைங்க.

— தெரியும்.

— அன்னிக்கு என் லாகின் மக்கர் பண்ணுச்சு. அவளோடதை வாங்கினேன். சின்ன மாத்தம்தானே, சோதிக்க என்ன இருக்குன்னு நெனைச்சேன்.

— ம்.

— ஏத்தினது நான்தாங்க. அவளுக்குத் தெரியும். அக்கா அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு, இன்னும் என்னைக் காட்டிக் கொடுக்காம உக்காந்திருக்கா.

— ம்.

— என்ன ம்? திட்டணும்னா திட்டிடுங்க.

— வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ என் கல்லாப் பக்கத்துல லேப்டாப்போட உக்காந்துதானே அதை ஏத்தினே. முடிச்சிட்டு “அப்பாடா”ன்னு என்னைப் பாத்துச் சிரிச்சே. என் கண்ணு முன்னால நீ என்ன செஞ்சேன்னு தெரிஞ்சுக்கத்தான் நாலு நாளா படிச்சேன். எழுந்திரு, மூணு ஆகப் போகுது. நீ சொல்லு, நான் பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கறேன்.